பெரியவரின் புகைப்பீப்பாயும் ஒரு சிறு மின்விசிறியும்

விசிறி என்பது வெம்மையைத் தணிப்பதற்கே உரியது என்று எண்ணிப் பழகிவிட்டவர்கள் நாம். கரக்பூரின் வைகாசி வெயிலில் சரக்குக் கணக்கு அலுவலகத்தில் அமர்ந்து பேரேடு எழுதுபவனுக்கு வேறு எண்ணம் வருவதும் அரிது. ஆயினும், ஊதுகுழல் பிடித்த நம் பாட்டிமாரும், துருத்தி மிதித்த கொல்லரும் காற்றின் மற்றொரு குணத்தை நன்கு அறிந்திருந்தனர். சென்ற கார்த்திகையில் ஓர் இரவு, அக்குணத்தை நாமும் சற்றுக் கடுமையாகவே அறிந்துகொண்டோம். மின் கம்பிகளைக் கையில் எடுக்கும் அன்பர்கள் இச்சங்கத்தில் பலர் உளர். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதலானோம்.

நம் குடியிருப்புக்கு அப்பால், தண்டவாளத்தை ஒட்டிய பழைய தெருவில் ஓர் ஆங்கிலோ–இந்தியப் பெரியவர் வாழ்கிறார். 1966இல் நீராவி எஞ்சினில் கரி வாரிப் போடும் ஃபயர்மேனாக வேலையில் சேர்ந்து, மின்சார எஞ்சின் ஓட்டுநராக 2006இல் ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்துவிட்டார், மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் பன்றித் தொடையை உப்பில் ஊறவைத்து, பீப்பாயில் புகையூட்டி, எட்டுப் பத்து வீடுகளுக்குக் கொடுப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். வாங்குவோர் கரிக்கும் இறைச்சிக்கும் ஆகும் செலவைக் கொடுத்துவிடுவர். அதற்கு மேல் அவர் ஒரு காசும் கேட்டதில்லை.

நம் இல்லத்தில் புலால் இல்லை. எனவே அந்தத் தொடையின் சுவையைப் பற்றி எழுத நமக்கு அருகதையில்லை. ஆனால் மாலை வேளைகளில் அவர் திண்ணையில் அமர்ந்து நீராவி எஞ்சின் கதை கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவர் நம்மை 'பாபு' என்பார். நாம் அவரை 'அங்கிள்' என்போம். நம் பிள்ளைகளுக்கு அவர் தாத்தா.

அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் ஒரு துயரம் நேர்ந்தது. பீப்பாய்க்கு இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து, அடியில் உள்ள காற்றுக் கதவைச் சற்றே திறந்தும் மூடியும் நெருப்பைப் பதத்தில் வைக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதுக் கண்ணுக்கு வெப்பமானியின் முள் தெரியவில்லை. குனிந்து பார்க்கையில் தடுமாறி, முழங்கையைப் பீப்பாயின் மீது வைத்துவிட்டார். புண் ஆற ஒரு மாதம் பிடித்தது. "அப்பா, இனி இந்த வேலை வேண்டாம்" என்று மகள் தொலைபேசியில் அழுது சொல்லிவிட்டார். பெரியவரும் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன நாள் முதல் அவர் திண்ணைப் பேச்சும் குறைந்துபோயிற்று. பீப்பாயைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடப் போவதாக ஒரு நாள் நம்மிடம் கூறினார். அந்தக் குரலைக் கேட்டபின் நமக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

புகைப்பீப்பாய் என்பது 200 லிட்டர் கொள்ளும் இரும்பு எண்ணெய்ப் பீப்பாய். அடியில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, கம்பி வலைக் கூடையில் அடுப்புக்கரி. நடுவே இறைச்சிக்குக் கம்பித் தட்டு. மேலே மூடியும் ஒரு புகைபோக்கியும். கரியின் மீது மா, கொய்யா முதலிய உலர்ந்த கட்டைகள் இரண்டொன்றை வைத்தால் நறும்புகை எழும். பிசின் மிகுந்த மரமும் வண்ணம் பூசிய பலகையும் ஆகா. பீப்பாயும் உணவெண்ணெய் இருந்ததாக வேண்டும். இரசாயனம் இருந்ததோ, துத்தநாகம் பூசியதோ கூடாது. துத்தநாகம் சூடேறினால் எழும் புகை நஞ்சு. உள்ளே வண்ணப் பூச்சு இருப்பின், வெறும் பீப்பாயில் பெருந்தீ மூட்டி அதை முழுவதும் எரித்துவிட்ட பின்னரே உணவை வைக்க வேண்டும். பெரியவர் இவையெல்லாம் அறிந்தவர்.

வேண்டிய வெப்பம் 107 முதல் 120 டிகிரி சென்டிகிரேடு வரை. அதற்கு மேல் போனால் புறம் கருகி உள்ளே வேகாது. மிகக் கீழே நின்றால் அதனினும் கேடு. இறைச்சி 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். முழுத்துண்டுப் பன்றி இறைச்சியின் நடுப்பகுதி குறைந்தது 63 டிகிரியை எட்டி, பிறகு மூன்று நிமிடமேனும் ஆற வேண்டும். கோழியாயின் 74 டிகிரி என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. பெரியவர் தம் வழக்கப்படி தொடையை 71 வரை கொண்டுபோவார்.

இந்த வெப்பத்தைக் காப்பது கரியின் அளவன்று; அதற்குக் கிடைக்கும் காற்றின் அளவே. ஐந்து கிலோ கரி இருந்தாலும் காற்று கொஞ்சமாக நுழைந்தால் கொஞ்சமாகவே எரியும். இதை நமக்கு விளக்கப் பெரியவர் எஞ்சினையே உவமை காட்டினார். நீராவி எஞ்சின் ஓடும்போது, வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறும்; அந்தச் சீற்றமே நெருப்பின் ஊடாகக் காற்றை இழுக்கும். எஞ்சின் நிற்கும்போது அந்த இழுப்பு இராது; ஆகையால் 'ப்ளோயர்' என்னும் சிறு குழாயைத் திறந்து நீராவியைப் பீச்சி இழுப்பை உண்டாக்குவார்கள். சாம்பல் தட்டின் கதவான 'டாம்பர்' கீழிருந்து வரும் காற்றை அளக்கும். "பாபு, கரி போடுவது கூலி வேலை. காற்றுப் போடுவதுதான் ஃபயர்மேன் வேலை" என்றார்.

அந்தச் சொல்லிலிருந்துதான் நமக்கு யோசனை பிறந்தது. அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் குனிந்து செய்வதை ஒரு கருவி நொடிக்கு நொடி செய்தால் என்ன? எண்ணம் புதிதன்று. 1572 முதல் 1633 வரை வாழ்ந்த கார்னீலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், உலையின் சூட்டில் விரியும் சாராயத்தைக் கொண்டு பாதரசத்தைத் தள்ளி, அதனால் ஒரு கோலை உயர்த்தி, உலையின் காற்று வழியைத் தானே மூடும்படி செய்தார். அந்த முறையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியும் அமைத்தார். இன்று பாதரசத்திற்குப் பதில் மின்சாரம்; அவ்வளவே.

நாம் வாங்கியவை நான்கு. பஞ்சாலை, பிளாஸ்டிக் தொழிற்சாலைகளில் காணப்படும் ஆர்இஎக்ஸ்–சி100 வகை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று. அதனுடன் சூட்டை உணரும் 'கே' வகைத் தெர்மோகப்பிள். கருவியின் ஆணைப்படி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சாலிட் ஸ்டேட் ரிலே. நாலாவதாக 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் உள்ளங்கை அளவு ஊதுவிசிறியும் அதற்கு ஓர் அடாப்டரும். மீன் தொட்டிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் விற்கும் மலிவான கருவிகளும் கடையில் உள்ளன. அவற்றின் உணர்முனை 100 டிகிரியை ஒட்டியே தன் எல்லையை அடைந்துவிடும். புகைப்பீப்பாய்க்கு அவை ஆகா. அன்றியும் அவற்றில் 'குளிர்', 'சூடு' என இரண்டு இணைப்புகள் இருக்கும். விசிறிதானே என்று எவரேனும் 'குளிர்' பக்கத்தில் இணைத்துவிட்டால், சூடு ஏற ஏற விசிறி ஊதும். ஊத ஊதச் சூடு ஏறும்! இங்கே விசிறி அடுப்பின் கட்சி என்பதை மறக்கலாகாது.

தெர்மோகப்பிள் என்பது வேறு வேறு உலோகக் கலவையாலான இரு கம்பிகளை ஒரு முனையில் சேர்த்தது. அந்த முனை சூடானால் மறுமுனைகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். ஸீபெக் என்பவர் 1821இல் கண்ட உண்மை இது. 'கே' வகையில் அந்த அழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அவ்வளவு நுண்ணிய மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியை 230 வோல்ட் கம்பியோடு சேர்த்துக் கட்டலாகாது. தனி வழியில் கொண்டுவர வேண்டும்.

முதற் பிழை நம் வீட்டு மேசையிலேயே நிகழ்ந்தது. தெர்மோகப்பிளின் கம்பிகளில் ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு. சிவப்பு என்றால் கூட்டல் முனை என்பது பேட்டரி கண்ட எவருக்கும் தெரியும் அல்லவா? அவ்வாறே இணைத்தோம். உணர்முனையைச் சூடான தேநீரில் வைத்தோம். நம் துணைவியார் எட்டிப் பார்த்து, "ஏங்க, சூடு ஏற ஏற எண் இறங்குகிறதே! உங்கள் கருவிக்குத் தலைகீழாகத்தான் படிக்கத் தெரியுமோ?" என்றார். பிறகுதான் விவரம் தேடிப் படித்தோம். அமெரிக்க நிறமுறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு கழித்தல் முனையாம். வேறு நாட்டு முறையில் வேறு நிறங்களாம். நிறத்தை நம்பாமல், கொதிநீரில் 100ஐ ஒட்டியும் பனிக்கட்டி நீரில் 0ஐ ஒட்டியும் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வதே நேர் வழி. தலைகீழாக இணைத்ததை அப்படியே பீப்பாயில் வைத்திருந்தால், நெருப்பு எவ்வளவு ஏறினாலும் கருவி 'குளிர், குளிர்' என்றே விசிறியை ஓட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தேநீருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மற்ற இணைப்புகளைப் பெரிதாக விவரிக்க வேண்டியதில்லை. கருவியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள படமே போதும். பிளாஸ்டிக் ஸ்விட்ச் பெட்டிக்குள் கருவி. வரும் மின்சாரத்தில் ஒரு ஃபியூஸ். மின்கசிவு கண்டால் 30 மில்லி ஆம்பியரில் வெட்டிவிடும் பாதுகாப்பு ஸ்விட்சின் கீழ் எல்லாம். பீப்பாய்க்குக் கட்டாயம் எர்த் கம்பி. மார்கழிப் பனி பெட்டியில் இறங்காதபடி மேலே ஒரு தகரம். விசிறி சூட்டில் உருகாமலிருக்க, ஒரு முழ நீள இரும்புக் குழாயின் மறுமுனையில் அதைப் பொருத்தினோம்.

கார்த்திகை மாத இறுதியில், ஒரு சனிக்கிழமை இரவு முதற் சோதனை. இறைச்சி வேண்டாம், கத்தரிக்காயும் வெங்காயமும் வைப்போம் என்றோம். பெரியவர் சிரித்து ஒப்புக்கொண்டார். ஓரத்தில் நாலைந்து கரித்துண்டுகளை மட்டும் கனலாக்கி வைத்து, கருவியில் 110 என்று நிர்ணயித்தோம். விசிறி மெல்ல இரைந்தது. எண்கள் 60, 80, 95 என்று ஏறின. 110ஐத் தொட்டதும் கருவியின் சிறு விளக்கு அணைந்தது. 'ஓடியது போதும்' என்பது அதன் ஆணை. நாம் பெருமிதத்துடன் பெரியவரைத் திரும்பிப் பார்த்தோம்.

எண் 125 ஆயிற்று. சூடான இரும்பு ஆறச் சற்று நேரமாகும் என்று விளக்கம் சொன்னோம். 140 ஆயிற்று. கரி நன்றாகப் பிடித்துக்கொண்டது போலும் என்றோம். 165ஐத் தாண்டியபோது நமக்குச் சொல்ல விளக்கம் இல்லை. கருவியின் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினோம். பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடியே தலையைச் சற்றுத் திருப்பினார்.

"பாபு, உன் விளக்கு அணைந்துவிட்டது என்கிறாய். விசிறி நிற்கவில்லையே!"

நாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நெருப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மைதான்; விளக்கு அணைந்திருந்தும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாம் செருகியைப் பிடுங்குவதற்குள் அவர் எழுந்து, ஈரச் சாக்கைச் சுருட்டிக் காற்றுக் குழாயின் வாயில் திணித்துவிட்டார். புகைபோக்கியின் மூடியையும் முக்காலே மூன்று வீசம் சாத்தினார். மூடியைத் திறந்து பார்க்கப் போன நம் கையைத் தட்டிவிட்டார். காற்றில்லாமல் தவிக்கும் கரியின் மீது மூடியைத் திறந்தால் ஒரேயடியாகத் தீ எழும்பி முகத்தைச் சுட்டுவிடுமாம். எண் 190 வரை ஏறி, முக்கால் மணி கழித்தே இறங்கத் தொடங்கிற்று. கத்தரிக்காய் கரிக்காய் ஆயிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. கண் மங்கிய ஒரு முதியவரை ஒரு கருவியை நம்பித் தூங்கச் சொல்லவிருந்தோமே, அவர் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே வாட்டிற்று.

மறுநாள் ஞாயிறு. ரிலேயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். அதன் முதுகிலேயே அச்சிட்டிருந்தது: உள்வரவு 3 முதல் 32 வோல்ட் நேர்மின்சாரம், வெளியீடு 24 முதல் 380 வோல்ட் மாறுமின்சாரம். நாம் ஓட்டிய விசிறியோ 12 வோல்ட் நேர்மின்சாரம். '40 ஆம்பியர்' என்ற பெரிய எழுத்தைப் பார்த்து, நம் சிறு விசிறிக்கு இது மலை போன்றது என்று மகிழ்ந்தோமே ஒழிய, அடுத்த வரியைப் படிக்கவில்லை. நாள் முழுவதும் வேகன் சீட்டுகளை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது நம் உத்தியோகம்!

காரணத்தை இரயில்வே முறையில் சொன்னால் எளிதில் விளங்கும். அந்த வகை ரிலே, வண்டி போய்க்கொண்டிருக்கையில் மூட முடியாத லெவல் கிராசிங் கேட்டைப் போன்றது. திறந்துவிட்டால், வண்டி கடந்து இடைவெளி வந்தால்தான் மூடும். மாறுமின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை ஓட்டம் சுழிக்கு வருகிறது; ஒவ்வொரு முறையும் கேட் மூட இடமுண்டு. நேர்மின்சாரமோ கடைசிப் பெட்டியே இல்லாத வண்டி. ஒரு முறை திறந்த கேட் மூடவே மூடாது. ஆகவே கருவி 'நிறுத்து' என்று சொல்லியும் ரிலே நிறுத்தவில்லை. நேர்மின்சாரத்திற்கென்றே தனி ரிலே உண்டு; அதன் வெளியீட்டிலும் கூட்டல் கழித்தல் முனைகளைப் பார்த்து இணைக்க வேண்டும். ரிலே மாற்றிய பின் மேசையின் மீதே, உணர்முனையைக் கொதிநீரில் இட்டும் எடுத்தும், விசிறி நிற்கிறதா என்று இருபது முறை பார்த்தோம். ஓடுகிறதா என்று முன்பே பார்த்திருந்தோம்; நிற்கிறதா என்று பார்க்கத்தான் தவறியிருந்தோம்.

இன்னொரு குறையைப் பெரியவரே கண்டுபிடித்தார். விசிறி நின்ற பின்னும் அதன் இதழ்களின் ஊடே பீப்பாய் தானாகவே காற்றை இழுக்கிறது. புகைபோக்கி இருக்கும்வரை இழுப்பு இருக்கத்தான் செய்யும். கருவிக்கு ஊதத் தெரியுமே தவிர, வந்த காற்றைத் திருப்பியனுப்பத் தெரியாது. எனவே விசிறியின் வாயில் நகரும் தகடு ஒன்றைப் பொருத்தி, கால் பங்கு மட்டும் திறந்து வைத்தோம். மூடியின் விளிம்பிலும் பழைய காற்றுக் கதவிலும் இருந்த கசிவுகளை அடைத்தோம். கருவியின் அணைத்து ஏற்றும் கால அளவை 20 நொடியாக்கினோம். இரண்டாம் சோதனையில் எண் 118 வரை போய், திரும்பி வந்து, 108க்கும் 113க்கும் இடையே ஆறு மணி நேரம் நின்றது. இம்முறை கத்தரிக்காயை நம் வீட்டில் துவையல் அரைத்தோம். புகைமணம் அருமை.

டிசம்பர் 22ஆம் நாள் மாலை பெரியவர் தொடைகளை ஏற்றினார். பின்னிரவு இரண்டு மணிக்கு மின்தடை ஏற்பட்டது. விசிறி நின்றால் பெருந்தீ மூளாது. ஆனால் நெருப்புத் தாழ்ந்து இறைச்சி அரைவேக்காட்டில் கிடந்துவிடும். நாம் டார்ச்சைத் தேடிக்கொண்டிருக்கையில், பெரியவர் இருட்டிலேயே பழைய காற்றுக் கதவை விரலால் தடவி, ஒரு நூல் அளவு திறந்தார். நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தபோது கருவி காட்டிய எண் 106.

அதன் பின் அவர் நம்மைப் போய்ப் படுக்கச் சொன்னார். நாம் போகவில்லை. அவர்தான் திண்ணை நாற்காலியில், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விடியும்வரை உறங்கினார். காலையில் தொடையின் நடுவே கம்பி வெப்பமானியைக் குத்திப் பார்த்ததில் 71. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பீப்பாயையும் பெட்டியையும் மட்டுமன்றி, தம் இரு முழங்கைகளையும் நீட்டிக் காட்டி எடுக்கச் சொன்னார்.

தேநீர் குடிக்கும்போது ஒன்று கூறினார். தெர்மோகப்பிளைப் பீப்பாயின் சுவரோரம் வைத்துவிட்டோமாம். இறைச்சித் தட்டின் நடுவில் சூடு அதைவிடச் சற்று அதிகமாம். கையை மூடிக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பிடித்தே அதைக் கண்டாராம். நாம் நம்பாமல் மற்றொரு வெப்பமானியை நடுவில் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஆறு டிகிரி அதிகம். அடுத்த முறைக்குத் தட்டின் நடுவிலேயே உணர்முனையைக் கட்ட ஒரு சிறு கொக்கி செய்து வைத்திருக்கிறோம்.